கர்ப்பகாலச் சர்க்கரை நோய்: முதல் பரிசோதனையிலிருந்து குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசி வரை

என் முதல் கர்ப்பத்தின் 27ஆவது வாரத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரில் வசிக்கிறேன். முதல் சில மாதங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பிறகு ஒரு தனியார் மருத்துவமனையிலும், இன்சுலின் தொடங்கிய பின் அரசு மருத்துவமனையிலுமாக மூன்று இடங்களில் பார்த்துக்கொண்டேன். ஒவ்வோர் இடத்திலும் பரிசோதனை முறை வேறு, சொல்லும் எண் வேறு. எதைப் பிடித்துக்கொள்வது என்று விளங்காத அச்சத்தில் முதல் இரண்டு வாரங்கள் சோற்றை ஏறத்தாழ நிறுத்திவிட்டேன். எண்கள் இறங்கின, என் எடையும் இறங்கியது, சிறுநீரில் கீட்டோன் (மாவுச்சத்து போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) வந்தது. "எண்ணக் குறைக்கிறதுக்காகப் பட்டினி கிடக்காதீங்கம்மா. வழக்கமாச் சாப்பிட்டு, என்ன வருதோ அத அப்படியே எழுதிக்கிட்டு வாங்க. அத வெச்சுத்தான் நான் மருந்து முடிவு பண்ண முடியும்" என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், இந்தச் சிகிச்சையில் என் பங்கு எது, அவர் பங்கு எது என்பது புரிந்தது. அந்த இரண்டு வாரத் தவிப்பு இன்னொருவருக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களுக்கானது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரைகளை மாற்றுவது, கண் விழித்திரையைப் பரிசோதிப்பது போன்ற கூடுதல் வேலைகளைச் செய்ய வேண்டும். அளவெடுப்பதும் உணவும் பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் உதவும். மருந்தின் அளவை மட்டும் எந்தக் கட்டுரையையும் பார்த்து யாரும் மாற்றக் கூடாது.

1. பரிசோதனையை உரிய வாரத்தில், உரிய முறையில் செய்துகொள்ளுங்கள்

இந்திய அரசின் வழிகாட்டுதலின்படி, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் வருகையிலேயே ஒரு முறையும், அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் முறை சரியாக இருந்தது என்பதற்காக இரண்டாவதைத் தவறவிட்டுவிடாதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் கூடுகிறது. எனக்கும் மூன்றாம் மாதத்தில் எடுத்த அளவு சரியாகவே இருந்தது.

அரசு நிலையங்களில் 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை அளவெடுப்பார்கள். இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டிய தேவை இல்லை. அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். (இங்கு நான் சொல்லும் எல்லா எண்களும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.) பல தனியார் ஆய்வகங்களில் இரவு முழுவதும் சாப்பிடாமல் வரச் சொல்லி, வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்த ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை என மூன்று தடவை இரத்தம் எடுப்பார்கள். அந்த முறையில் எல்லைகள் முறையே 92, 180, 153. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை இருப்பதாகக் கொள்வார்கள்.

நான் சிக்கிக்கொண்டது இங்கேதான். மூன்று முறை இரத்தம் எடுத்த என் தாளில் இரண்டாம் மணி நேர அளவு 148 என்று இருந்தது. ஓரிடத்தில் "இது பரவாயில்லை" என்றார்கள். வேறோர் இடத்தில் "இது சர்க்கரைதான்" என்றார்கள். வெறும் வயிற்று அளவு 96 என்பதை முதலில் பார்த்தவர் கவனிக்கவே இல்லை. ஆகவே எந்த முறையில் பரிசோதனை செய்தார்கள் என்பதைத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எல்லையோடு ஒப்பிடாதீர்கள்.

குளுக்கோஸ் குடித்த 30 நிமிடங்களுக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது. மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் தொடரலாம். காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் ஓரிடத்தில் உட்கார்ந்திருங்கள். கடைக்குப் போய் வரலாம் என்று வெயிலில் நடந்தால் மயக்கம் வரலாம், அளவும் மாறிவிடலாம். மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி சோதனையை மட்டும் வைத்து "சர்க்கரை இல்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கர்ப்பத்தில், குறிப்பாக இரத்தசோகை இருந்து இரும்புச்சத்து மருந்து எடுக்கும்போது, அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க இயலாது.

2. தாள்களை முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் வையுங்கள்

தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், குடும்ப அட்டையின் நகல், எல்லா ஆய்வகத் தாள்கள், எல்லா ஸ்கேன் அறிக்கைகள், சர்க்கரைக் குறிப்பேடு: இவை அனைத்தும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் இருக்கட்டும். பிக்மி என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான 12 இலக்க எண். கிராம சுகாதார செவிலியர் உங்களைப் பதிவு செய்ததும் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் இதைப் பெற்றாக வேண்டும். பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இது தேவைப்படுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் கொடுப்பார்கள். இதற்காகவும் 12 வாரங்களுக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. நம் பெண்கள் பலருக்குப் பணம் தடைப்படுவது பெயரால்தான். ஆதாரில் தந்தையின் முன்னெழுத்து, வங்கியில் கணவரின் முன்னெழுத்து, அட்டையில் முன்னெழுத்தே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறாம் மாதத்தில் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்குமாக நான்கு நாட்கள் அலைந்தேன். அந்த அலைச்சலை மூன்றாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஆய்வகங்கள் வழவழப்பான வெப்பத்தாளில் தரும் முடிவுகள் சில மாதங்களில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துத் தேதியை மேலே பேனாவால் எழுதி வையுங்கள்.

3. குளுக்கோமீட்டர் வாங்குவதும் அளவெடுப்பதும்

கருவியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ரிப்பின் (இரத்தத் துளியை வைத்து அளவெடுக்கும் பட்டையின்) விலையைப் பார்த்து வாங்குங்கள். கருவி ஒரே ஒரு முறைச் செலவு. ஸ்ட்ரிப் வாராவாரம் வாங்க வேண்டியது. நான் 25 ஸ்ட்ரிப்புகளோடு சேர்த்துக் கருவியை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பின் 50 ஸ்ட்ரிப் கொண்ட குப்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 ரூபாய் ஆயிற்று. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் 50 ஸ்ட்ரிப் 12 நாட்களுக்கு மேல் வராது. கண்டறியப்பட்டது முதல் பிரசவம் வரை எனக்கு ஸ்ட்ரிப்புக்கு மட்டும் 5,000 ரூபாயை நெருங்கியது. கையில் பணம் இல்லாவிட்டால் அளவெடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி அளவெடுப்பார்கள். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால், எந்தெந்த நாளில் எந்தெந்த வேளை எடுத்தால் போதும் என்று அவரே குறைத்துத் தருவார்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் அன்போடு அனுப்பும் கருவியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமல் போகலாம். அது மில்லிமோல் கணக்கில் எண்ணைக் காட்டலாம். அதில் 6.7 என்று வந்தால் 18ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 120 ஆகும்.

பெட்டியைத் திறந்ததும் தேதியையும் நேரத்தையும் சரியாக அமையுங்கள். மருத்துவர் கருவியின் நினைவகத்தைப் பார்க்கும்போது, காலை அளவு இரவு 10 மணி என்று பதிவாகியிருந்தால் உங்கள் உழைப்பு வீணாகிவிடும். ஒரு நாள் வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் உங்கள் கருவியிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 15 சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம். இரத்தசோகை அதிகம் உள்ளவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

அளவெடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு எடுத்து 190 பார்த்து நான் அழுதிருக்கிறேன். கழுவிவிட்டு எடுத்தபோது 112. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. விரலை அழுத்திப் பிழியாதீர்கள். குப்பியின் மூடியை உடனே மூடுங்கள், திறந்த தேதியை அதன் மேல் எழுதுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்ட்ரிப் விரைவில் கெட்டுவிடும்.

இலக்கு எண்கள் இவை:

- வெறும் வயிற்றில் 95க்குக் கீழ்
- சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ்
- சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ்

நேரத்தைச் சாப்பாட்டின் முதல் கவளத்திலிருந்து கணக்கிடுங்கள். கை கழுவியதிலிருந்து கணக்கிட்டால் அரை மணி நேரம் பிந்திவிடும். ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, எப்போதும் அதையே பின்பற்றுங்கள்.

குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, நடந்தீர்களா, தூங்கினீர்களா என்பதையும் எழுதுங்கள். எண் கூடினால் அதை விட்டுவிடுவதோ, மருத்துவர் திட்டுவார் என்று குறைத்து எழுதுவதோ வேண்டாம். காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்து புதிதாக எண்களை நிரப்பிக்கொண்டிருந்த சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய 168 உங்கள் குழந்தைக்குச் செய்யும் நன்மையை, திருத்தி எழுதிய 118 செய்யாது.

4. உணவு: குறைப்பதைவிடப் பிரிப்பதே முக்கியம்

மருந்து தேவையா என்று பார்க்கும் முன் இரண்டு வாரங்கள் உணவையும் நடையையும் சீர்செய்யச் சொல்வார்கள். அந்த இரண்டு வாரங்களில்தான் நான் தவறு செய்தேன். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி கீட்டோன் உண்டாகும். அது குழந்தைக்கு நல்லதன்று. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று உணவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். அதை மூன்று வேளைகளில் கொட்டிவிடாமல், மூன்று சாப்பாடு, இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி எனப் பிரித்து உண்பதுதான் வழி.

எனக்குக் காலையில்தான் எண் அதிகம் ஏறியது. பெரும்பாலோருக்கும் அப்படித்தான், விடியற்காலை ஹார்மோன்களால் அந்த நேரத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்ட நாளில் 168. இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஓர் அவித்த முட்டை என்று மாற்றியதும் 118. மீதி இரண்டு இட்லியின் பங்கைப் பதினோரு மணிக்குச் சுண்டலாகவும் மோராகவும் எடுத்துக்கொண்டேன். பசியும் இல்லை, எண்ணும் ஏறவில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் பாசிப்பயறு, பனீர், வேர்க்கடலை ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்பலாம்.

மதியம் ஒரு கிண்ணச் சோறு, அதற்குச் சமமான அளவோ கூடுதலாகவோ காய், ஒரு கிண்ணம் பருப்பு அல்லது மீன், கொஞ்சம் கீரை. முதலில் காயையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொட்டால் எண் குறைவாக ஏறுவதை நானே குறிப்பேட்டில் பார்த்தேன். சோற்றைக் கண்ணளவில் போடாதீர்கள். ஒரே கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் அதிலேயே அளந்து போடுங்கள். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் ஒரு தம்ளர் சர்க்கரை இல்லாத பால் அல்லது ஒரு கைப்பிடிச் சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு நீண்ட நேரம் வெறும் வயிறாக இருந்தால் காலை எண் இறங்கும் என்று நினைப்போம். எனக்கு அது ஏறியது.

நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சிலவற்றை மட்டும் இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும்.

"வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், கருப்பட்டி போட்டுக் குடி" என்பார்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்த நாளில் எனக்கு 171 வந்தது, அதே மாவில் கீரை போட்டுச் செய்த ஓர் அடை 122ஓடு நின்றது. எந்தத் தானியமும் கஞ்சியாகக் குழைந்தால் விரைவில் ஏறும். வரகும் சாமையும் அரிசியைவிட நார்ச்சத்து மிக்கவை என்றாலும், அவையும் மாவுச்சத்துதான். அளவில்லாமல் உண்ண முடியாது. பழத்தைப் பழமாக, ஒரு நேரத்தில் ஒரு கொய்யா அல்லது அரை ஆப்பிள் அளவில், சாப்பாட்டோடு சேர்க்காமல் உண்ணுங்கள், சாறாக வேண்டாம்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. அரசு தருவது என்பதாலேயே எல்லாவற்றையும் நாமே உண்ண வேண்டியதில்லை. எதை எவ்வளவு எடுக்கலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள். கடைகளில் "கர்ப்பிணிகளுக்கு" என்று விற்கும் சத்துப்பொடிகளிலும் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் சர்க்கரை கண்டறியப்பட்ட சில வாரங்களில் ஏழாம் மாத வளைகாப்பு வந்துவிடுகிறது. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று இலை நிறைந்திருக்கும்; ஊட்டிவிடும் கைகளைத் தட்டிவிட மனம் வராது. நான் முதல் நாளே என் அத்தையிடம் தனியாகப் பேசினேன். அவர் ஒவ்வொருவரும் ஒரு நுனி விரலளவு ஊட்டினால் போதும் என்று பார்த்துக்கொண்டார், எனக்கென்று ஒரு கிண்ணம் சுண்டலும் செய்து வைத்திருந்தார். வீட்டில் ஒரு பெரியவரிடம் முன்னதாக விளக்கிவிட்டால் மற்றவர்களிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. அமாவாசை, கார்த்திகை, நோன்பு என எந்த விரதத்தையும் மருத்துவரைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

5. சாப்பிட்ட பின் நடை

ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பின் 10 முதல் 15 நிமிடங்கள் நடந்தாலே போதும். மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடக்கலாம். இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, கருப்பை வாய் தளர்வு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவர் அனுமதித்த பிறகே நடக்க வேண்டும்.

6. இன்சுலின் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்

இரண்டு வாரம் உணவைச் சீர்செய்த பின்னும் சாப்பிட்ட இரண்டு மணி நேர அளவு 120க்கு மேலேயே இருந்தால் மருந்து தொடங்குவார்கள். சிலருக்கு 20 வாரத்துக்குப் பிறகு மெட்ஃபார்மின் மாத்திரை கொடுப்பார்கள், சிலருக்கு இன்சுலின். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும்; இன்சுலின் கடப்பதில்லை. எனக்கு உணவால் பகல் எண்கள் இறங்கின, விடியற்காலை எண் மட்டும் 100க்குக் கீழே வரவில்லை. அந்த எண் நஞ்சுக்கொடியின் வேலை, உங்கள் கட்டுப்பாடு குறைந்ததால் வந்தது அன்று என்று மருத்துவர் சொன்னார். "ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும்" என்ற பேச்சுக்குப் பயந்து நான் பத்து நாட்கள் தள்ளிப்போட்டேன். அதை இன்றும் எண்ணி வருந்துகிறேன். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரை என்றால் பெரும்பாலும் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இன்சுலின் இலவசம். வெளியில் வாங்கினால் சாதாரண மனித இன்சுலின் குப்பி 150 முதல் 200 ரூபாய்க்குள் எனக்குக் கிடைத்தது. பேனா வகைகளின் விலை கூடுதல்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளவை. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளவையும் உண்டு. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி கொண்ட சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி கொண்ட சிரிஞ்ச். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 4 யூனிட்தான். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை எடுத்தால் 25 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வயிற்றில் போட்டால் குழந்தையைக் குத்திவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். ஊசி தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வரைதான் போகும். தோலை மெல்லப் பிடித்துத் தூக்கிப் போடுங்கள். மனம் ஒப்பாவிட்டால் தொடையில் போடலாம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் போடாதீர்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டிக் கலக்குங்கள். சாதாரண இன்சுலினைச் சாப்பிட 30 நிமிடங்களுக்கு முன் போட வேண்டும்; விரைவாக வேலை செய்யும் வகையை இலையில் உட்காரும்போதுதான் போட வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பகுதியில் இருக்கட்டும். உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் ஒரு மூடிய டப்பாவில் வைத்துப் பயன்படுத்தலாம். குப்பியில் தண்ணீர் படக் கூடாது. திறந்த குப்பியை நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் கைதான்.

32 வாரம் வரையும் அதற்குப் பின்னும் இன்சுலின் தேவை கூடிக்கொண்டே போவது இயல்பு. ஆனால் கடைசி வாரங்களில் திடீரென்று தேவை குறைந்து அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தால், அதை நல்ல செய்தி என்று எண்ணாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

7. சர்க்கரை தாழ்ந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் உட்கார்ந்து அளவெடுங்கள். 70க்குக் கீழ் இருந்தால், அல்லது அளவெடுக்க வழி இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் அளவெடுங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் குடியுங்கள். ஏறியதும் எதையாவது சாப்பிடுங்கள். சாக்லேட்டும் லட்டும் இதற்கு உதவாது. கொழுப்பு கலந்திருப்பதால் மெதுவாகவே ஏறும். பேருந்தில் போகும்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

8. ஸ்கேன்களும் பிரசவ இடமும்

குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில். அதன் பின் வளர்ச்சியையும் பனிக்குடநீரையும் பார்க்க 28, 32, 36 வாரங்களை ஒட்டி ஸ்கேன் செய்வார்கள். தனியாரில் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. தாயின் சர்க்கரை கூடினால் குழந்தையின் இன்சுலினும் கூடிக் குழந்தை பருத்துவிடும் என்பதால், வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு என்று அறிக்கையைப் பார்த்துக் கேளுங்கள்.

சாப்பிட்ட பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் குழந்தையின் அசைவுகளை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவுகள் வரவில்லை என்றால் விடியும் வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்சுலின் எடுப்பவர்கள் அறுவைச் சிகிச்சை வசதியும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதைச் சீமாங் மையம் என்பார்கள். 34 முதல் 36 வாரத்துக்குள் அங்கே ஒரு முறை போய்ப் பதிவு செய்துகொண்டால், வலி வந்த இரவில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிராது. சர்க்கரை என்பதாலேயே அறுவை செய்ய வேண்டும் என்பதில்லை. எனக்கு 39ஆவது வாரத்தில் வலியைத் தூண்டிச் சுகப்பிரசவம் ஆயிற்று. முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்று குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியை உங்களுக்குப் போட்டால், அடுத்த சில நாட்கள் சர்க்கரை வெகுவாக ஏறும். அதைப் போடும் முன்பே "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

9. பிரசவ நாளும் முதல் இரண்டு நாட்களும்

அன்று காலை இன்சுலின் போடலாமா என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை தொப்புள்கொடியோடு நின்றுவிட, குழந்தையின் இன்சுலின் மட்டும் கூடுதலாக இருப்பதால், குழந்தைக்குச் சர்க்கரை தாழக்கூடும். அதற்காகக் குதிகாலில் குத்தி அடிக்கடி பார்ப்பார்கள், பதறாதீர்கள். சேனை தொடுவதாகச் சொல்லித் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க யாரையும் விடாதீர்கள்.

உங்கள் இன்சுலின் தேவை நஞ்சுக்கொடி வெளியேறியதும் சட்டென்று விழுந்துவிடும். பழைய அளவை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்த பின் பிரசவ லேகியத்திலும் பத்தியச் சாப்பாட்டிலும் எவ்வளவு வெல்லம் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

10. ஒன்றரை மாதத்தில் மறுபடியும் ஒரு பரிசோதனை

பெரும்பாலான தாய்மார்கள் விட்டுவிடுவது இதைத்தான். குழந்தையைப் பார்க்கும் களைப்பில் நானும் விட்டிருப்பேன். பிரசவமான 6 வாரங்களில் வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறையும் அளவெடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் நிலைத்துவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை என்றால் எல்லையில் இருக்கிறீர்கள். 140க்குக் கீழ் என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அடுத்த முறை கருத்தரித்தால் முதல் வருகையிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே வாரத்தில்தான் வருகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் முன்னதாகச் சொல்லி இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிடாமல் போய், முதல் அளவைக் கொடுத்து, குளுக்கோஸைக் குடித்துவிட்டு, காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு ஊசி போட்டுப் பாலும் கொடுத்துவிடலாம். துணைக்கு ஒருவரையும், இரண்டாவது இரத்தம் கொடுத்ததும் நீங்கள் சாப்பிட ஒரு டப்பாவில் இட்லியையும் எடுத்துச் செல்லுங்கள்.